வளவில் நிற்கும் பழைய காரும் வேனும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை, வீட்டுக்குப் பின்னால் ஓடாத வண்டி ஒன்றை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. ஐயா வாங்கிய அம்பாசிடர், வாப்பா ஊருக்கு வந்தபோது எடுத்த மாருதி வேன், மீன் ஏற்றிய மெட்டடோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. விற்கவும் மனம் வராது, வைத்துக் காப்பாற்றவும் வழி தெரியாது. கடற்கரைக் காற்றில் அந்த வண்டியை, அல்லது அதன் நினைவை, எப்படிக் காப்பது என்பதற்கான பதில்கள் இவை.

வண்டியை வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. முதலில் எதைச் செய்வது?

எதையும் கழற்றாதீர்கள், கழுவாதீர்கள். முதல் வேலை படம் எடுப்பது. காலை ஏழு மணி வாக்கில், வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தகட்டின் நெளிவும் எழுத்தும் தெளிவாக வரும். நான்கு பக்கமும், நம்பர் பிளேட், பானட்டுக்குள் இருக்கும் தகடு, டேஷ்போர்டு, கிலோமீட்டர் எண், சீட், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், டிக்கி என்று ஐம்பது படமாவது தேறும். பின் கண்ணாடியில் எழுதிய பிள்ளைகளின் பெயரை விட்டுவிடாதீர்கள். பெயின்ட் உரியும்போது முதலில் போவது அதுதான்.

அடுத்தது காகிதம். டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பை, மிதியடிக்குக் கீழே, சீட்டின் சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள இடுக்கு, ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோல் ரசீது, டிரைவரின் டிரிப் நோட்டு, பழைய இன்சூரன்ஸ் தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இங்கேதான் கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். செய்தித்தாளுக்கு இடையில் வைத்து நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறவிட்டால் பாதி தானே பிரியும். வெயிலில் காயவைத்தால் மை மங்கிவிடும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கலாம். தாளும், அதை வாசித்து விளக்கக்கூடிய பெரியவர்களும் அவ்வளவு நாள் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பல வருஷமாகத் திறக்காத வண்டி. கதவைத் திறப்பதில் ஆபத்து உண்டா?

உண்டு. நாகமும் கண்ணாடி விரியனும் வண்டிக்கு அடியிலும் சீட் பஞ்சுக்குள்ளும் குளிர்ச்சி தேடி இருக்கும். பானட் மூலையிலும் கதவு இடுக்கிலும் குளவி கூடு கட்டியிருக்கும். நீளக் கம்பால் தகட்டைப் பல தடவை தட்டி, எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, கையில் டார்ச் வேண்டும். பார்க்காத இடத்துக்குள் கையை நுழைக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து பிள்ளைகளுக்கு. ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால், துருப்பிடித்த கைப்பிடி உள்ளிருந்து திறக்காது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான சூடு ஏறும். நிற்கும் வண்டியின் கதவுப் பூட்டை இன்றே கழற்றிவிடுங்கள், அல்லது கதவுகளைக் கம்பியால் கட்டுங்கள். டிக்கிக்கும் இது பொருந்தும். டயருக்குள்ளும் ஹெட்லைட் குழிக்குள்ளும் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். அவற்றில் துளை போட்டு வடியவிடுங்கள்.

ஆர்.சி. புக் இல்லை. வண்டி எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள். டி.என். 65 என்றால் ராமநாதபுரம். 63 சிவகங்கை, 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 58, 59, 64 மதுரை. மாநில எழுத்து, அலுவலக எண், வரிசை என்ற இந்த முறை 1989 விதிகளுக்குப் பின் வந்தது. எம்.டி., எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் மூன்று எழுத்துகளும் உடனே இலக்கங்களும் வந்தால் அதற்கு முந்தைய பதிவு. பழைய எண்ணில் ஊரைத் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: 1985 வரை சிவகங்கைப் பக்கமும் விருதுநகர்ப் பக்கமும் இதே ராமநாதபுரம் மாவட்டம்தான்.

அடுத்து மாடல். அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. டிக்கியிலோ பக்கத்திலோ இருக்கும் பேட்ஜைப் பாருங்கள். மார்க் 3 என்றால் 1975-க்குப் பின், மார்க் 4 என்றால் 1979-க்குப் பின், நோவா என்றால் 1990-க்குப் பின். உற்பத்தி 2014-இல் நின்றது. நம் பக்கத்தில் 'பியட்' என்றே அழைக்கப்பட்ட கார் 1964-இல் 1100 டிலைட்டாக வந்து, 1970-களின் நடுவில் பிரீமியர் பத்மினி ஆனது. மாருதி 800 முதன்முதலாக வாடிக்கையாளர் கைக்கு வந்தது 1983 டிசம்பரில். மாருதி வேன் 1984-இல் வந்து, பின்னால் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓடியது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கெஸலும் 1960, 70-களின் வண்டிகள்.

சேசிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் கிரைண்டர் வைக்காதீர்கள். எண் அழிந்தால் வண்டியின் அடையாளமே போய்விடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் பித்தளை பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கம்கூடத் தாளில் விழும்.

கார் வாங்கிய வருஷத்தை அப்பத்தா ஒன்று சொல்கிறார், மாமா வேறொன்று சொல்கிறார். யார் சொல்வது சரி?

வருஷத்தைக் கேட்டால் யாருக்கும் சரியாக வராது. வண்டியை ஊர் அறிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றால் 1964 டிசம்பர் கோடு கிடைத்துவிடும். "இந்திரா காந்தி இறந்தப்ப இந்த வண்டி இருந்துச்சா?" என்றால் 1984 அக்டோபர். "எம்.ஜி.ஆர். இறந்த அன்னிக்கு வண்டி எங்கே நின்னுச்சு?" என்றால் 1987 டிசம்பர் 24. மார்கழிக் குளிரையும் கடையடைப்பையும் வைத்து அன்றைக்கு எங்கே இருந்தோம் என்று பலருக்கும் நினைவு வரும்.

நம் கரைக்கே உரிய கோடு பாம்பன் சாலைப் பாலம். அது திறந்தது 1988 அக்டோபர் 2. அதற்கு முன் ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை கிடையாது. வண்டியை மண்டபத்தில் நிறுத்திவிட்டு ரயிலேறித்தான் போனார்கள். ஆகவே ராமேஸ்வரம் கோபுரத்தின் முன்னால் குடும்பம் காரோடு நிற்கும் படம் இருந்தால், அநேகமாக அது 1988 அக்டோபருக்குப் பிந்தியது. அதற்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்பவர் இருந்தால், வண்டி ரயிலில் வந்ததா படகில் வந்ததா என்று கேளுங்கள். நல்ல கதை ஒன்று அங்கே இருக்கும். அதேபோல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலையில் நிற்கும் கார் என்றால் 2017 ஜூலைக்குப் பிந்திய படம். அதுவரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான்.

இரண்டு பேர் சொல்வதும் இன்னும் பொருந்தாவிட்டால் இரண்டையும் பெயரோடு எழுதிவையுங்கள். ஒருவர் புக் செய்த வருஷத்தையும் மற்றவர் வண்டி வீடு வந்த வருஷத்தையும் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டுக் காருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்?

"வண்டியைப் பத்திச் சொல்லுங்க" என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். முடிந்தால் வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஸ்டியரிங்கையோ கதவுக் கைப்பிடியையோ கையில் கொடுங்கள். பிறகு சின்னச் சின்னக் கேள்விகள்: யார் எந்த இடத்தில் உட்காருவார்கள்? முன் சீட்டில் எத்தனை பேர்? அம்பாசிடரில் நீள சீட் என்பதால் முன்னாலேயே மூன்று நான்கு பேர் நெருங்கியிருப்பார்கள். டிரைவருக்குச் சாப்பாடு எங்கே? ஏர்வாடி சந்தனக்கூடுக்கு, உத்தரகோசமங்கை திருவாதிரைக்கு, கல்யாணத்துக்கு எத்தனை நடை அடித்தது? பிரசவத்துக்கு இரவில் போனது யார்? வண்டி நின்றுபோன இடம் எது, யார் தள்ளினார்கள்? தள்ளியவர்களின் பெயர்களோடு அந்தத் தெருவே பதிவாகிவிடும்.

ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடி தூரத்தில், துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டும் சத்தம் ஏறும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வெளியே பதிவு செய்தால் காற்றுதான் கேட்கும், குரல் கேட்காது. அப்போது வீட்டுக்குள் செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், அவருக்கு வண்டிக்காரரோடு என்ன உறவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டிரைவரும் கிளீனரும் உயிரோடு இருந்தால் வீட்டார் யாரிடமும் கேட்பதற்கு முன் அவர்களிடம் போங்கள். வண்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது முதலாளி வீட்டுக்கே தெரியாது.

மதுரையில் நிற்கும் வண்டி அப்படியே இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துரு?

உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தகட்டில் படிந்த உப்பு தானே கரைந்து நீராகிவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவை எளிதாகத் தாண்டும். ஆக, மழையே இல்லாவிட்டாலும் வண்டி இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைகிறது. பகலில் காய்ந்து, இரவில் மறுபடி நனைகிறது. நனைந்து காய்வது எப்போதும் நனைந்தே இருப்பதைவிட மோசம்.

எந்தப் பக்கம் முதலில் அரிக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. மன்னார் வளைகுடாப் பக்கமான கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில் வைகாசியிலிருந்து அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து உப்பைக் கொண்டுவந்து அப்பும். பாக் நீரிணைப் பக்கமான தேவிபட்டினம், தொண்டியில் ஐப்பசிக்குப் பின் வீசும் வாடைதான் எதிரி. வண்டியின் எந்தப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கதவடியைத் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உப்பைக் கழுவிவிட்டால் போதுமா?

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கடலோர ஊர்களில் பெரும்பாலான போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் புதிதாக உப்பு பூசுகிறீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை முக்கிப் பாருங்கள். 500 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் பயன்படுத்தலாம். குடிநீரைக் காருக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்துவைத்தால் வேலை முடியும். அடிப்பகுதி, மட்கார்டு உள்பக்கம், கதவடிக்கு நூறு லிட்டர், மேல்பக்கத்துக்கு ஐம்பது லிட்டர் போதும். மண் கட்டிகளை முதலில் கையால் பெயர்த்து எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் அடியுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைபட்டால்தான் கதவு உள்ளிருந்து அழுகும்.

இந்த வண்டி தேறுமா தேறாதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர் போதும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு, கமான் பட்டையைத் தாங்கும் கொக்கி சேரும் இடம், முன் கதவுக் கீல் இருக்கும் தூணின் அடி, டிரைவர் காலடித் தகடு, பேட்டரித் தட்டு இந்த ஆறு இடத்திலும் அழுத்திக் குத்துங்கள். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'சொத்' என்று உள்ளே போனால் அங்கே பெயின்ட் மட்டும்தான் இருக்கிறது.

அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் ஜீப்பைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. கூண்டே சேசிஸ். ஆகவே அடிப்பெட்டித் தகடு போனால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. ஒரு பக்கம் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலோ, மூடிய கதவு திறக்க மறுத்தாலோ கூண்டு வளைகிறது என்று பொருள். அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரும் செலவு பெரும்பாலும் வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ஜீப்பிலும் தனிச் சேசிஸ் இருப்பதால், மேலே அழுகியிருந்தாலும் அடி நன்றாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

மேலே பளபளப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் எல்லாம் ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான்.

ஓட்டப் போவதில்லை. இருக்கிறபடியே நிறுத்திக் காப்பாற்ற என்ன செய்வது?

முதலில் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அதற்கடியில் வண்டி வெந்துபோகும். பனை ஓலையோ கீற்றோ தகரமோ போட்ட, பக்கம் திறந்த கொட்டகைதான் நல்லது. கடல் பக்கம் மட்டும் ஒரு தட்டி கட்டுங்கள்.

வண்டியைத் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்துங்கள். மணலில் நேரே வைக்காமல் கல் பலகையோ கான்கிரீட்டோ போட்டு, அதன் மேல் வைரம் பாய்ந்த பனங்கட்டைகளை அடுக்கி ஆக்சிலுக்குக் கீழே கொடுங்கள். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் நொறுங்கும், அடியில் ஆள் இருந்தால் அவ்வளவுதான்.

துரு வேலைக்கு மாசி, பங்குனி நல்ல மாதங்கள். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத இடைவெளி. காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் செய்யுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மழைத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஒரு இரவு விட்டால் உப்பு ஈரம் மறுபடி ஏறிவிடும். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்துவிட்டு நிறுத்துவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. அதில் நுண் துளைகள் உண்டு, ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயின்ட் கட்டாயம்.

பெட்டித் தகடுகளின் உள்ளே பிரஷ் போகாது. அங்கே துளை வழியாக மெழுகு ஸ்பிரே அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசுவது பழக்கம்தான், ஓரளவு காக்கவும் செய்யும். ஆனால் ரப்பரைக் கெடுக்கும், சொட்டி மணல் வழியாகக் கிணற்றுக்குப் போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஜாம் ஆகிவிட்டதா? எப்படி விடுவிப்பது?

பெரும்பாலும் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருவில் ஒட்டியிருக்கும். பொறுமை இருந்தால் விடும். அவசரப்பட்டால் உடையும். கியரில் போட்டுத் தள்ளுவதும், டிராக்டரில் கட்டி இழுப்பதும்தான் ரிங்கையும் கனெக்டிங் ராடையும் கெடுக்கும் வழிகள்.

பேட்டரி இருந்தால் முதலில் கழற்றுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டர் என்று குறித்துவையுங்கள். பிளக் ஓட்டையைச் சுற்றியுள்ள மணலை ஊதி எடுத்த பிறகே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணல் உள்ளே விழும், கடற்கரை மணல் லைனரைக் கீறும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குப் போடும் ஏ.டி.எப். ஆயிலும் டீசலும் சம அளவில் கலந்து முப்பது மில்லி ஊற்றி, ஓட்டையைத் துணியால் மூடி ஒரு வாரம் விடுங்கள். மூன்றாம் நாள் இன்னும் இருபது மில்லி. மேலே வால்வு மூடியையும் திறந்து ராக்கரில் ஆயில் ஊற்றுங்கள். ஒட்டிய வால்வு இருந்தால் புஷ் ராடு வளைந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து, கியர் நியூட்ரலில், பழைய அம்பாசிடர் என்றால் முன்னால் ஹேண்டில் போட்டு, மற்றதற்குக் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டு அசைத்துப் பாருங்கள். முழுச் சுற்றுக்கு முயலாதீர்கள். கடிகார முள் திசையில் சிறிது, திருப்பிச் சிறிது. அசையாவிட்டால் இன்னொரு வாரம். மூன்று வாரத்திலும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

சுற்றத் தொடங்கியதும் பிளக் இல்லாமலே இருபது முப்பது சுற்றுக் கையால் சுற்றி ஆயிலை வெளியேற்றுங்கள். பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தைக் காட்ட வேண்டாம். பழைய ஆயிலை வடித்துப் பாருங்கள். பாலாடை நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினுக்குச் சுமார் நான்கு லிட்டர், மாருதி வேனுக்குச் சுமார் மூன்று லிட்டர் புது ஆயில் போதும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் ஓடியதும் அதையும் வடித்து மாற்றுங்கள்.

பேட்டரி மாட்டும் முன், பாடிக்கு எந்த முனை போகிறது என்று பழைய ஒயரில் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருந்தது. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு டிஸ்டிரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தௌ, பயரிங் வரிசை 1-3-4-2. பாயின்ட்டை முதலில் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் அதில் ஒரு படலம் படியும், ஸ்பார்க் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

பெட்ரோல் டேங்க், பிரேக் பற்றி?

பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். டேங்கை இறக்கி வெறுமையாக்குங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கைப் பயன்படுத்தாமல், ஒரு லிட்டர் கேனிலிருந்து டியூப் வழியாகக் கொடுத்தால் போதும். காலி டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. ஆவியே வெடிக்கும். ரப்பர் டியூப்பும் பெட்ரோல் பம்ப் டயாபிராமும் மாற்ற வேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கரைத்துவிடும். வேனில் காஸ் கிட் இருந்தால் அதைத் தெரிந்த ஆளிடம் விட்டு, காஸ் முழுக்க வெளியேறிய பிறகே மற்ற வேலை.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து ரப்பர் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

தனுஷ்கோடி மணலில் ஆள் ஏற்றிய வேன் இது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

மணல் ஓட்டத்து வண்டிகளை மற்ற வண்டிகளோடு சேர்க்காதீர்கள். டயரில் காற்றைக் குறைத்து, அலை நனைத்த மணலில் ஓடியவை அவை. வீல் பேரிங்குக்குள்ளும் ஆக்சில் வீட்டுக்குள்ளும் கடல் தண்ணீர் போயிருக்கும். ஆக்சில் ஆயில் வடிப்புத் திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்து, பிறகு வெளுத்த ஆயில் வந்தால் பேரிங் போயிருக்கும். கமான் பட்டை அடுக்குகளுக்கு இடையில் துரு வீங்கிப் பட்டையைப் பிளந்திருக்கும். இவற்றைத் திரும்ப ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்த ஓட்டத்தைச் செய்த டிரைவர்களின் பேச்சைப் பதிவு செய்யச் சொல்வோம். எந்த இடத்தில் மணல் இளகும், ஏற்றம் வற்றம் பார்த்து எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் கண்ணில் இருந்த அறிவு. சாலை வந்த பின் அது வேறு எங்கும் எழுதப்படவில்லை என்றால், உங்கள் பதிவே அதற்கு இடம்.

வண்டி மணலில் புதைந்து, சீமைக்கருவேல் சுற்றி வளர்ந்துவிட்டது. எப்படி வெளியே எடுப்பது?

முதலில் மரத்தை வெட்டுங்கள், வேர் தகட்டுக்குள் ஓடியிருந்தால் ரம்பத்தால் அறுங்கள், இழுக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி, டியூப்பில் காற்று நின்றால் அடித்து, முன்னால் பலகை விரியுங்கள். பிரேக் டிரம் ஒட்டியிருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டுங்கள். சங்கிலியைப் பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் வரும். ஆக்சிலில் கட்டி, மெதுவாக, நேராக இழுங்கள்.

வண்டி இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

சட்டப்படி உரிமையாளர் இறந்த முப்பது நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். பல குடும்பங்கள் அதைச் செய்திருக்காது. தாமதத்துக்கான கட்டணத்தோடு இப்போதும் கேட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்.சி. இவை அடிப்படை. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல்துறையில் காணாமல் போன ஆவணப் புகார்ச் சான்று பெற்று, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். தனியார் காரின் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அதற்குமேல் ஓட்ட, தகுதிச் சோதனையோடு படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் போகும் முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். பழைய எண் இணையத்தில் வராவிட்டால் பயப்பட வேண்டாம். கைப்பதிவேட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்ற 'பேக்லாக்' விண்ணப்பம் உண்டு.

வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் ஊருக்கு வரும்போதே கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பேரன் தலைமுறைக்குப் போனால் கையெழுத்துகள் இரண்டு மடங்காகும்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்குத் தனிச் சலுகை உண்டா?

உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். அந்த விதியில் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும். ஆகவே இன்ஜினை மாற்றும் முன் யோசியுங்கள். டீசல் இன்ஜின் ஏற்றிய பழைய அம்பாசிடருக்கு இந்தப் பதிவு கிடைப்பது கடினம்.

கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். காயலான் கடையில் போடலாமா?

எடைக்குப் போடுவது எளிது. ஆனால் பதிவு உங்கள் குடும்பத்தின் பேரிலேயே நிற்கும். எண்ணை வேறு யாராவது பயன்படுத்தினால் கேள்வி உங்களிடம் வரும். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் 'ஒப்படைப்புச் சான்று' தருவார்கள். அதை வைத்துப் பதிவை ரத்து செய்யலாம். புதுத் தனியார் வண்டி வாங்கும்போது வாகன வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. எவ்வளவு என்பதை மாநிலம் முடிவு செய்யும்.

கொடுக்கும் முன் எதை எடுத்துவைப்பது என்று வீட்டில் பேசுங்கள். ஸ்டியரிங், பானட் பேட்ஜ், மீட்டர், சாவி, ஒரு கதவுக் கைப்பிடி போதும். அம்பாசிடரின் பின் சீட்டைத் திண்ணையில் போடக் கேட்பவர்கள் அதிகம். பஞ்சையும் கயிற்று நாரையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கைத் தேய்த்துப் பெயின்ட் அடித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் எலியும் உப்பும் கூடவே வரும். குரோம் பாகங்களை மழைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மெழுகு தேய்த்து, துணியில் சுற்றிச் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

ஹாரன் சத்தத்தையாவது காப்பாற்ற முடியுமா?

முடியும். இதை அவசியம் செய்யச் சொல்வோம். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிய பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயதுக்காரர்கள். ஹாரனைக் கழற்றி, முனைகளை எமரித் தாளால் தேய்த்து, நல்ல 12 வோல்ட் பேட்டரியில் தடித்த ஒயரால், நடுவில் 15 ஆம்பியர் பியூஸ் வைத்து, ஒரு நொடி மட்டும் தொடவையுங்கள். 'க்ளிக்' மட்டும் வந்தால் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி தொடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் மரக்கைப்பிடியால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் தகடு துருவில் ஒட்டியிருக்கும். சத்தம் வந்ததும் ஹாரனை ஒரு இரும்புத் துண்டில் இறுக்கிப் பிடித்து, போனைப் பத்தடி தூரத்தில் வைத்துப் பதியுங்கள். கிட்டத்தில் வைத்தால் பதிவு கரகரக்கும். காற்றில்லாத விடியற்காலையில், வளவுக்கு வெளியே, வண்டி வழக்கமாகத் திரும்பும் முனையிலிருந்து பதிந்தால் வீட்டுக்குள் எப்படிக் கேட்டதோ அப்படியே வரும்.